கைக்குழந்தையோடு வரலாம்
(தேவாலயக் கச்சேரிகளும் கேட்கும் ஒழுக்கமும் குறித்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

லண்டனில் ஓல்டு ஸ்ட்ரீட் பகுதியில் செயின்ட் லூக்ஸ் என்றொரு தேவாலயம் இருக்கிறது. 1733-இல் கட்டியது. அடித்தளம் அமிழ்ந்ததால் 1959-இல் கைவிட்டுவிட்டார்கள், கூரையையும் கழற்றிவிட்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது வானம் பார்த்த கட்டடமாகவே கிடந்தது. பிறகு லண்டன் சிம்பொனி இசைக்குழு அதைச் சீர்படுத்தி 2003-இல் இசைக்கூடமாகத் திறந்தது. அங்கே வெள்ளிக்கிழமை நண்பகல்களில் கட்டணமில்லாத கச்சேரிகளை நடத்தி வந்திருக்கிறார்கள். ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகளையும் அழைத்து வரலாம். இங்கிலாந்தின் பல ஊர்களில், இன்னும் வழிபாடு நடக்கிற தேவாலயங்களிலேயே இதுபோன்ற கச்சேரிகள் நடக்கின்றன. ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாது. விளக்கை அணைப்பதில்லை. முன்வரிசைக்கு முன்னால் பாய் விரித்திருக்கும். தள்ளுவண்டிகளுக்கு ஓரமாக இடம் ஒதுக்கியிருக்கும். எழுந்து வெளியே போகலாம், திரும்பி வரலாம், அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். யாரும் திரும்பிப் பார்த்து முறைக்கமாட்டார்கள். வாசிப்பது பாக், ஹைடன், மோட்சார்ட். பார்ப்பவர் பலர், இதைக் குழந்தைகளுக்காக நீர் கலந்த இசை என்று எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்யும் ஒரு விட்டுக்கொடுப்பு, உண்மையான கச்சேரி வேறெங்கோ இருட்டு அரங்கில் நடக்கிறது என்று. அந்தக் கணிப்பை மறுப்பதுதான் இன்றைய என் பேச்சின் வேலை. அசையாமல் உட்கார்ந்து கேட்பது ஒரு காலத்து இசைக்காக, அந்தக் காலத்தில் உருவான ஒழுக்கம். அதைவிடப் பழைய ஒழுக்கம் ஒன்று உண்டு. தேவாலயம் அதற்கு இயல்பான இடம். ஆனால் அதுவும் ஒழுக்கம்தான். அதை மறந்துவிட்டு நடத்துகிற கச்சேரிகளை நான் ஆதரிக்கப் போவதில்லை.

வட ஜெர்மனியின் லூபெக் நகரிலிருந்து தொடங்குவோம். பால்டிக் கடல் வணிகத்தில் செழித்த ஊர். அதன் மரியன்னை தேவாலயத்தின் நடுக்கூட விதானம் 38 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. அங்கே பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் ஆர்கன் வாசித்தவர் ஃபிரான்ஸ் டுண்டர். பங்குச் சந்தை திறப்பதற்காகக் காத்திருந்த வணிகர்கள் பொழுது போவதற்கு ஏதாவது வாசிக்கச் சொன்னார்கள், அதிலிருந்துதான் அங்கே மாலைக் கச்சேரிகள் பிறந்தன என்று அந்த ஊரிலேயே இசைப்பணி செய்த காஸ்பர் ரூட்ஸ் 1752-இல் எழுதியிருக்கிறார். டுண்டருக்குப் பின் 1668-இல் பொறுப்பேற்ற பக்ஸ்டஹூட அதைப் பெரிய நிகழ்ச்சியாக வளர்த்தார். ஆண்டு முடிவில் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள், மாலை வழிபாடு முடிந்தபின், பாடகரும் வாத்தியக்காரரும் திரண்டு வாசிப்பார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. செலவை வணிகர்கள் ஏற்றார்கள். 1705-இல் ஆர்ன்ஷ்டாட்டிலிருந்து இருபது வயது ஆர்கன் கலைஞர் ஒருவர் நான்கு வாரம் விடுப்பு வாங்கிக்கொண்டு, சுமார் 400 கிலோமீட்டர் நடந்து, பக்ஸ்டஹூடவைக் கேட்க வந்தார். நான்கு வாரத்துக்குப் பதில் நான்கு மாதம் தங்கிவிட்டுத் திரும்பி, மேலிடத்தில் வசவு வாங்கினார். அவர்தான் யோஹான் செபாஸ்டியன் பாக். அவர் கேட்கப் போன இடம் எப்படியிருந்தது? அதே ரூட்ஸ், சிறுவர்கள் பாடகர் மாடத்துக்குப் பின்னால் ஓடியாடி எழுப்பும் இரைச்சலில் இசையின் சுகமே போய்விடுகிறது என்று குறைப்படுகிறார். ஒழுங்கைக் காக்க நகரக் காவலர்களை அமர்த்தவேண்டி வந்தது. கவனியுங்கள்: இது புகார்தான், புகழ்ச்சி அல்ல. அக்காலத்தவர் இரைச்சலை விரும்பினார்கள் என்று இதை வைத்து நான் சொல்லவில்லை. இரைச்சல் இருந்தும் கச்சேரி நின்றுபோகவில்லை, சிறுவர்களுக்குக் கதவு சாத்தப்படவில்லை என்பதுதான் இதிலிருந்து தெரிவது. இசைக்கு இடையூறு என்று முணுமுணுப்பதற்கும், இடையூறு செய்யக்கூடியவர் எவரும் வரக்கூடாது என்று விதி செய்வதற்கும் இடையில் நெடுந்தூரம் இருக்கிறது. லூபெக் அந்தத் தூரத்தைக் கடக்கவில்லை.

கடந்தவர்கள் பின்னால் வந்தார்கள், அதுவும் மெல்ல மெல்ல. 1778 ஜூனில் பாரிஸில் மோட்சார்ட்டின் புதிய சிம்பொனி ஒன்று அரங்கேறியது. ஜூலை 3 அன்று தந்தைக்கு எழுதிய கடிதத்தில் அவர் அந்த மாலையை விவரிக்கிறார். முதல் பகுதியின் நடுவில், நிச்சயம் பிடிக்கும் என்று தெரிந்தே ஓர் இடம் வைத்திருந்தார். அது வந்ததும், வாசிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கைதட்டல் எழுந்தது. இறுதிப் பகுதியை வேண்டுமென்றே வயலின்களை மட்டும் கொண்டு மெல்லிய ஓசையில் தொடங்கினார். அரங்கில் ‘உஷ்’ என்ற குரல்கள் எழுந்தன. அடுத்து முழு இசைக்குழுவும் பாய்ந்ததும் மறுபடி கைதட்டல். மோட்சார்ட்டுக்கு ஏகக் குதூகலம். நேரே போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டாராம். இந்தக் கடிதத்தை, அக்காலத்தவருக்குக் கேட்கவே தெரியாது என்பதற்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. எனக்கு அது நேர் எதிராகப் படுகிறது. ஓசை தணிந்த கணத்தில் ஒருவரையொருவர் அடக்கியவர்கள், எது எப்போது வருகிறது என்று கூர்ந்து தொடர்ந்தவர்கள்தானே? உடம்பு அசையாமல் இருப்பது ஒன்று, மனம் ஊன்றியிருப்பது வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றென்று நம்பவைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு. 1813 டிசம்பர் 8 அன்று வியன்னாவில் பேத்தோவனின் ஏழாம் சிம்பொனி முதன்முதலாக ஒலித்தபோதுகூட, இரண்டாம் பகுதியை அங்கேயே திரும்ப வாசிக்கவைத்தார்கள். 1876-இல் பைராய்ட்டில் வாக்னர் தன் ஆபரா அரங்கைத் திறந்தபோது பார்வையாளர் பகுதி இருட்டாக்கப்பட்டது. இசைக்குழு கண்ணுக்குத் தெரியாமல் மேடைக்கடியில் மறைந்தது. 1882-இல் ‘பார்சிஃபல்’ நிகழ்ந்தபோது கைதட்டக்கூடாது என்று ரசிகர்கள் அவ்வளவு உறுதியாக நம்பிவிட்டதால், ஒரு காட்சியை மெச்சி ‘பிராவோ’ என்று குரல் கொடுத்தவரைச் சீறி அடக்கினார்களாம். குரல் கொடுத்தவர் வாக்னரே என்பது அந்தக் கதையின் சுவை.

இந்த மௌனம் வீண் என்று நான் வாதிடவில்லை. அது இல்லாமல் பல படைப்புகள் பிறந்தே இருக்கமாட்டா. மாலரின் ஒன்பதாம் சிம்பொனியின் கடைசிப் பக்கத்தில் இசை எங்கே முடிகிறது, அமைதி எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கமுடியாது. ஓர் இருமல் அதைக் குலைத்துவிடும். அப்படிப்பட்ட இசைக்கு இருட்டு அரங்கும் அசையாத ஆயிரம் பேரும் கருவியின் ஒரு பாகம் மாதிரி. கோளாறு எங்கே வந்தது என்றால், மாலருக்கு வேண்டிய கட்டுப்பாட்டை அவருக்கு முன்னாலிருந்த இருநூறு ஆண்டு இசைக்கும் பின்னோக்கிப் போட்டதில். டெலமான் விருந்து மேசைக்கென்று எழுதி 1733-இல் வெளியிட்ட இசையையும், மோட்சார்ட் தோட்டத்து மாலைகளுக்காக எழுதிய செரனேடுகளையும் இன்று அதே விறைப்போடு உட்கார்ந்து கேட்கிறோம். இதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர் அரங்கில் இருப்பதில்லை என்பதால் அது கணக்கில் வருவதுமில்லை. பச்சைக்குழந்தை இருக்கும் வீட்டில் தாய்க்கு, பல வீடுகளில் தந்தைக்கும், ஏழெட்டு ஆண்டுகள் கச்சேரி வாழ்க்கை அறுந்துபோகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பெற்றோருக்கு அது ஆயுளுக்கும் அறுந்துபோகலாம். தன்னையறியாமல் குரல் எழும் டூரெட் நோய்க்குறி உள்ளவர், மறதிநோய் முற்றிய முதியவர் ஆகியோர் நிலையும் அதுவே. ‘ரிலாக்ஸ்டு’ நிகழ்ச்சிகள் என்ற ஏற்பாடு பிரிட்டனின் நாடக மேடைகளில் இவர்களை முன்னிட்டுத்தான் வேரூன்றியது. பிபிசி புரோம்ஸ் விழா 2017-இல்தான் முதன்முதலாக அப்படியொரு கச்சேரியை ராயல் ஆல்பர்ட் அரங்கில் வைத்தது. 1895-இல் தொடங்கிய விழா இதற்கு 122 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் தரம் கெடும் என்ற அச்சத்துக்கு நேரடியான எதிர்ச்சான்று ஒன்று இருக்கிறது. 1939-இல் போர் தொடங்கியதும் லண்டன் நேஷனல் கேலரியின் ஓவியங்களைப் பத்திரமான இடங்களுக்கு அனுப்பிவிட்டார்கள், இசையரங்குகள் மூடிக்கிடந்தன. பியானோ கலைஞர் மைரா ஹெஸ், வெறுமையான அந்தக் காட்சிக்கூடத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை நண்பகல் கச்சேரிகளைத் தொடங்கினார். அக்டோபர் 10 அன்று முதல் கச்சேரி. கட்டணம் ஒரு ஷில்லிங், யாராக இருந்தாலும் அதேதான். நாற்காலி போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள், சுவரோரம் நின்றார்கள். கச்சேரியையொட்டி நடந்த சிற்றுண்டிச்சாலையின் தேனும் உலர்திராட்சையும் வைத்த சாண்ட்விச் தனிப்புகழ் பெற்றது. 1946 ஏப்ரலில் நிறுத்தும்வரை 1,698 கச்சேரிகள். வந்தவர்கள் 8 லட்சத்து 24 ஆயிரத்துக்கும் மேல். வாசித்தது லகுவான சரக்கு அல்ல. பேத்தோவன், பிராம்ஸ், மோட்சார்ட்டின் பியானோ கன்செர்ட்டோக்கள். இசையில் ஒரு இழையும் தளரவில்லை, உட்காரும் முறை மட்டுமே தளர்ந்தது. நேஷனல் கேலரி நிற்கும் அதே டிராஃபல்கர் சதுக்கத்தின் ஓரத்தில், 1726-இல் கட்டிமுடித்த செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் தேவாலயத்தில் நண்பகல் கச்சேரிகள் நெடுங்காலமாக நடந்துவருகின்றன. நெவில் மாரினர் உருவாக்கி உலகப்புகழ் பெற்ற இசைக்குழு அந்தக் கோவிலின் பெயரையே தாங்கி 1959-இல் அங்கேதான் முதல் கச்சேரி செய்தது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். இவற்றுள் மிக வலுவானதைப் பெரும்பாலோர் சொல்வதே இல்லை. அது ஒலியியல் சார்ந்தது. தேவாலயத்தில் ஒலி நிலைத்து நிற்கும். நல்ல இசையரங்கில் எதிர்முழக்கம் அடங்க ஏறக்குறைய இரண்டு விநாடி ஆகுமென்றால், லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயத்தில் பத்து விநாடிக்கும் மேலாகிறது. வயலின் ஒலி நிலைப்பதுபோலவே குழந்தையின் வீறிடலும் நிலைக்கும். எனவே பிள்ளைகளோடு கேட்க மிகப் பொருந்தாத கட்டடம் தேவாலயம்தான் என்று ஒருவர் சொன்னால், அது வெறும் முகச்சுளிப்பு அல்ல. பதில் சொல்லியாகவேண்டிய வாதம். பதில், ஹார்வர்டில் 1895 முதல் வாலஸ் சபைன் செய்த ஆய்வுகளில் இருக்கிறது. பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைத் திருத்தும்படி அவரிடம் கேட்டார்கள். அவர் அருகிலிருந்த நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுகளில் சுமந்துவந்து பரப்பி, ஒவ்வொரு தொகுதிக்கும் முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். கூடத்தின் கொள்ளளவு கூடக்கூட முழக்கம் நீளும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடக்கூடக் குறையும் என்ற விதி அதிலிருந்து பிறந்தது. மெத்தையைப் போலவே மனித உடம்பும் உடையும் ஒலியை உறிஞ்சுகின்றன. ஆக, நிரம்பிய தேவாலயம் காலியான தேவாலயத்தைவிடத் தெளிவாக ஒலிக்கும்; விரித்த பாயும் கம்பளமும் கொஞ்சம் உதவும். கொஞ்சம்தான். பேராலயத்தின் விதானத்துக்கு முன்னால் நாலு கம்பளம் எம்மாத்திரம்? ஆகவே இந்தக் கச்சேரிகளுக்கு ஏற்றது பேராலயம் அல்ல. நடுத்தர அளவுள்ள, மரவேலை மிகுந்த பங்குக்கோவில். ஹோப் பேகனல் என்ற ஆங்கில ஒலியியலாளர் 1930-இல் ஒரு கருத்தை வைத்தார்: லைப்சிக் புனித தோமையார் தேவாலயத்தில் சீர்திருத்த சபையார் மாடங்களையும் மரத் தடுப்புகளையும் நிறைத்ததால் முழக்கம் குறைந்தது, அதனால்தான் பாக்கின் விரைவான, பின்னலான இசை அங்கே சாத்தியமாயிற்று என்று. சபையோர் சொல் கேட்கவேண்டும் என்று செய்த மாற்றம் இசைக்கும் வழிவிட்டது. இன்று குடும்பக் கச்சேரி நடத்துகிறவர் அதே கணக்கைப் போட்டாகவேண்டும். கலைஞர்களைத் தொலைவிலுள்ள பீடத்தில் ஏற்றாமல் கூடத்தின் நடுவில் இறக்கி உட்காரவைத்தால், கேட்பவர் காதுக்கு முழக்கத்தைவிட நேரொலி முந்திக்கொள்ளும். அழுகையும் வாத்தியத்தை மூழ்கடிக்காது.

அடுத்த மறுப்பு கலைஞர்களுடையது: ஓடுகிற பிள்ளைகளுக்கு நடுவில் மனத்தைக் குவிப்பது எப்படி? பாதி நியாயமான கேள்வி. பயிற்சி முழுவதையும் மௌன அரங்குக்காகவே பெற்றவருக்குத் திடீர் வீறிடல் விரலைத் தடுமாறச் செய்யத்தான் செய்யும். அதற்காகவே எல்லாக் கலைஞரையும் இதற்குக் கட்டாயப்படுத்தக்கூடாது என்பேன். ஆனால் திருவிழா நெரிசலில் வீதியுலாவுக்கு முன்னே நின்று நாகசுரக்காரர் ராகத்தை ஒரு மணி நேரம் விரிப்பதைக் கேட்டுப் பழகிய நமக்கு, மனக்குவிப்பு சுற்றுப்புற நிசப்தத்தால் மட்டுமே வாய்க்கும் என்று யாரும் நிறுவிக்காட்ட முடியாது. மீதிப் பாதி, எதை வாசிப்பது என்ற தேர்வில் இருக்கிறது. பாக்கின் செல்லோ தொகுதிகள் பெரும்பாலும் நடன வடிவங்களில் அமைந்தவை. ஹைடனின் 94-ஆம் சிம்பொனி 1792-இல் லண்டனில் அரங்கேறியபோது, மென்மையாகப் போய்க்கொண்டிருந்த இரண்டாம் பகுதியில் எதிர்பாராத ஓர் அதிர்வேட்டு. சிரிக்கவும் திடுக்கிடவும் இடம்கொடுத்தே எழுதப்பட்டது. இவற்றுக்குப் பிள்ளைகளின் அசைவு பகையல்ல. ஆனால் ‘பிள்ளைகளுக்கு’ என்று சொல்லிக்கொண்டு, மெருகூட்டிய துண்டுகளையும் திரைப்பட மெட்டுகளையும் மட்டுமே கோத்து வாசிப்பவர்களை என்னால் மெச்சமுடியவில்லை. தளர்த்தவேண்டியது அவையின் கட்டுப்பாட்டை. அவர்கள் இசையைத் தளர்த்திவிடுகிறார்கள். மாலரை அங்கே கொண்டுபோய் வைப்பதும் அதே அளவு பிழை.

புனிதம் கெடும் என்ற மறுப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. 1742-இல் டப்ளினில் ஹேண்டலின் ‘மெசையா’ அரங்கேறுவதற்குச் சில வாரங்கள் முன்பு, செயின்ட் பேட்ரிக் பேராலயத்தின் தலைமைக் குரு ஜானதன் ஸ்விஃப்ட், தம் பாடகர்கள் இசைக்கூடத்தில் போய்ப் பாடக்கூடாது என்று சினந்தார். பின்னர் அவர்கள் பாடவே செய்தார்கள். எதிர்ப்பக்கத்தில், 1875-இல் வூஸ்டர் பேராலயத்தில் அதன் நிர்வாகம் இசைவிழாவை முடக்கியது. குளோஸ்டர், வூஸ்டர், ஹெரிஃபர்டு மூன்று ஊர்களும் முறைவைத்து நடத்தும் பழம்பெரும் விழா அது. கோவில் கச்சேரிக்கூடம் அல்ல என்று சொல்லி, இசைக்குழுவும் தனிப்பாடகர்களும் இல்லாமல் வழிபாடுகளாக மட்டும் நடத்தவைத்தார்கள். ‘போலி விழா’ என்ற பெயர்தான் மிஞ்சியது. வூஸ்டரின் அடுத்த முறையான 1878-இல் பழைய வடிவமே திரும்பியது. அந்த நிர்வாகத்தாரின் கவலை பொய்யானது என்று நான் நினைக்கவில்லை. வழிபாட்டு இடத்தை வாடகைக் கூடமாக்குவது பற்றி எந்தச் சபையும் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் குழந்தையின் குரலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கமுடியாது. ஞானஸ்நானம் நடக்கும் இடம் அது. அந்தச் சுவர்கள் கட்டப்பட்ட நாள்முதல் மிக அதிகமாகக் கேட்டவற்றுள் சிசுவின் அழுகையும் ஒன்று. 1750 மே மாதம் லண்டன் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தின் ஆலயத்தில் ஹேண்டல் ‘மெசையா’வை நடத்தினார், இடம் கிடைக்காமல் பலர் திரும்பியதால் அதே மாதம் இன்னொருமுறை நடத்தினார். அவர் ஆயுள் உள்ளவரை அது ஆண்டுதோறும் தொடர்ந்தது, பணம் குழந்தைகளுக்கே போயிற்று. இறக்கும்போது அந்த இல்லத்துக்கு ‘மெசையா’வின் சுரப்பிரதி ஒன்றையும் உயில் எழுதிவைத்தார். டப்ளின் அரங்கேற்றத்தின்போது வெளியான அறிவிப்பு, பெண்கள் வளையம் வைத்த அகலப் பாவாடை அணியாமலும் ஆண்கள் உடைவாள் இல்லாமலும் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அப்போதுதான் இன்னும் நூறு பேர் உட்காரமுடியும். கச்சேரிக்கு விதி வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. விதி ஆளைக் கூட்டுவதற்கா குறைப்பதற்கா என்றே கேட்கிறேன்.

என் பக்கத்தவர்களிடமும் ஒரு வாதத்தை நான் ஏற்கவில்லை. மோட்சார்ட் கேட்டால் பிள்ளைக்கு மூளை வளரும் என்பது அது. 1993-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு பக்க ஆய்வு, 36 கல்லூரி மாணவர்களிடம் செய்தது. பத்துப் பதினைந்து நிமிடமே நீடித்த, இடஞ்சார்ந்த கணிப்புத்திறனில் மட்டும் தெரிந்த சிறு மாற்றத்தைச் சொன்னது. குழந்தைகளைப் பற்றி அதில் எதுவும் இல்லை. ஆனாலும் 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க நிதி கேட்டார். கச்சேரியை டானிக் போல விற்றால், பலன் இல்லை என்று தெரிந்த அன்றே கதவு மூடிவிடும். பிள்ளையும் பெற்றோரும் ஒரே வேளையில் ஒரே இசையைக் கேட்பது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது, அந்த வாய்ப்பை அவர்களிடமிருந்து பறிக்க நியாயமில்லை. இதற்கு மேல் காரணம் தேவையில்லை.

கடைசியாக, நிசப்தமாகக் கேட்க விரும்புகிறவர்களின் உரிமை. அவர்களுக்கான அரங்குகள் ஊரெங்கும் இருக்கின்றன, மாலை வேளைகள் எல்லாம் அவர்களுடையவை. வாரத்தில் ஒரு பகல்பொழுதை மற்றவர்களுக்கு ஒதுக்குவதால் அவர்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. என் அச்சம் எதிர்த்திசையில்தான். இக்கச்சேரிகள் தனி ஒதுக்கிடமாகச் சுருங்கி, இரண்டாம் தரக் கலைஞர்களுக்கும் அரைச் சம்பளத்துக்கும் உரியவையாகிவிடக்கூடும். நுழைவுக்கட்டணம் இல்லாத கச்சேரியில் இடிபடுவது எப்போதும் வாத்தியக்காரரின் கூலிதான். பக்ஸ்டஹூட ஆண்டுதோறும் லூபெக் வணிகர்களிடம் நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதினார். செலவுக்கும் வரவுக்கும் ஈடுகட்டாமல் அவர் பட்ட பாடு அந்தக் கடிதங்களில் தெரிகிறது. வாசலில் வைக்கும் உண்டியலை மட்டும் நம்பி இதை நடத்தமுடியாது. மாலைக் கச்சேரிக்குக் கொடுக்கும் அதே ஊதியத்தைப் பகல் கச்சேரிக்கும் கொடுக்க, நிரந்தரமான கொடையாளர்களைச் சபைகளும் இசைக்குழுக்களும் சேர்ந்து தேடவேண்டும். அந்தத் தொகை உறுதியான பிறகே தேதியை அறிவிக்கவேண்டும்.